ஞானம்மாவின் சைக்கிளும் பதினெட்டுக் கிராதிகளும்

போன மாதம் நகரசபைப் பொறியியல் பிரிவிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். பெயர் ரேஷ்மா. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம்தான் ஆகிறதாம்.

"சாரே, ரோட்டோரம் சைக்கிளுக்குன்னு தனியா ஒரு பாதை போடறோம். பச்சைப் பெயிண்ட் அடிச்சு, சைக்கிள் படமெல்லாம் வரைஞ்சு. பத்திரிகைக்குக் குறிப்பு எழுதணும். 'நம்ம ஊர்ல ஆத்யமாயிட்டு'ன்னு போடலாமில்லே? பழைய ஆள் யாரையாவது ஒருதரம் கேட்டுட்டுப் போடுன்னு எங்க மேடம் சொன்னாங்க."

"முதல்முறைன்னு போடாதேம்மா" என்றேன்.

ஏன் என்று கேட்டாள். சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் அவளுக்கு மீட்டிங் வந்துவிட்டது. எழுதியே தருகிறேன் என்று சொல்லி வைத்தேன். ஒரு பக்கம் போதும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். எண்பத்தெட்டு வயதில் ஒரு பக்கத்தோடு நிறுத்துகிற சாமர்த்தியம் போய்விடுகிறது.

எனக்குச் சொந்த ஊர் நாஞ்சில் நாடு. பள்ளிப்படிப்பு முடிந்ததும் ஓவர்சியர் பரீட்சைக்குப் படித்தேன். பிறகு ஒரு வருஷம் கால்வாய் வேலையில் வெயிலில் நின்று அளவுச் சங்கிலி பிடித்தேன். திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே மாநிலமான சமயத்தில் திருவனந்தபுரம் நகரசபையின் ரோடு செக்‌ஷனில் ஓவர்சியராகச் சேர்ந்தேன். பெயர் நாகலிங்கம் பிள்ளை. வேலை நிரந்தரமாக இரண்டு வருஷம் ஆகும். அட்டக்குளங்கரையில் ஓர் அறை, கறுப்பு நிறத்தில் ஒரு பழைய சைக்கிள். என் சொத்து அவ்வளவுதான்.

அந்த நாளில் காலை ஒன்பதரை மணிக்குக் கிழக்கேகோட்டை வாசலில் நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். கரமனையிலிருந்தும் மணக்காட்டிலிருந்தும் பேட்டையிலிருந்தும் சைக்கிள்கள் வந்துகொண்டே இருக்கும். கதர்ச் சட்டை குமாஸ்தாக்கள், வேட்டியை மடித்துச் சொருகிய வாத்தியார்கள், ஹேண்டிலில் கேரியர் தொங்கவிட்ட சாப்பாட்டுக்காரர்கள், பின்னால் வாழைத்தார் கட்டிய, சாலை என்று பெயருள்ள கம்போளத்துச் சந்தை ஆட்கள். எல்லோரும் மணி அடித்துக்கொண்டே வருவார்கள். யாருக்கும் கோபம் இருக்காது. மணியடிப்பது அப்போது ஒரு கும்பிடு மாதிரி. மேடு வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு பேச்சுத் துணையோடு நடப்பார்கள். பள்ளம் வந்தால் ஏறிக்கொண்டு பேச்சைப் பாதியில் விட்டுவிடுவார்கள். இந்த ஊரில் பாதிப் பேச்சு மேட்டில்தான் நடந்தது.

ஆனால் ரோடு சைக்கிளுக்காகப் போட்டதல்ல. வில்வண்டிக்கும் காளைவண்டிக்கும் போட்டது. மழைக்காலத்தில் செம்மண் கரைந்து ஓடும். விழாமல் வீடு போய்ச் சேர்ந்தவன் அதைச் சொல்லிக்கொள்வான். புகார்கள் குவிந்தபோது, சைக்கிள்காரர்களுக்கு வேண்டிய சௌகரியங்களைச் செய்யவேண்டும் என்று சபையில் ஒரு தீர்மானம் போட்டார்கள். அந்தக் கோப்பு எங்கள் அசிஸ்டன்ட் எஞ்சினியர் சுப்பராமய்யரின் மேஜைக்கு வந்தது.

சுப்பராமய்யருக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. ஸ்ரீவராகத்து வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு நடந்துதான் வருவார், நடந்துதான் போவார். நல்ல உயரம், மெலிந்த உடம்பு, வெயிலோ மழையோ கையில் ஒரு குடை. குடையின் இரும்பு நுனியால் ரோட்டைத் தட்டிக்கொண்டே வருவார். தட்டுகிற சத்தத்தை வைத்து அடியில் ஜல்லி சரியாகக் கெட்டித்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார்.

அவருடைய நடைமுறை ஒன்று. சைட்டுக்குப் போய் வந்தால் முதல் குறிப்பைப் பென்சிலில்தான் எழுத வேண்டும். அதைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தால், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒரு கேள்வி கேட்பார்.

"கண்டதா, கேட்டதா?"

கேட்டது ஒரு வரி இருந்தாலும் தாள் திரும்பி வரும். மறுபடி சைட்டுக்குப் போய்க் கண்ணால் பார்த்துவிட்டு வந்தால்தான் மசியில் எழுதலாம். குரலை உயர்த்தமாட்டார். திட்டியதாக எனக்கு ஞாபகமே இல்லை. ஆனால் அந்தக் கேள்விக்காக எத்தனை தடவை வெயிலில் இரண்டு மைல் திரும்பப் போயிருக்கிறேன் என்று கணக்கே இல்லை.

கோப்பு வந்த அன்று நாங்கள் இரண்டு மூன்று ஓவர்சியர்கள், சைக்கிளுக்குத் தனிப் பாதை போடலாம் என்று சொன்னோம். தலையாட்டினார்.

"போடலாம். அதுக்கு முந்தி, எத்தனை பேர் எந்த வழியா போறா, எங்கே விழறா, அதைப் பாத்துண்டு வாங்கோ. விழற இடம் தெரியாமே வழி போட்டா, புது வழிலேயும் விழுவா."

எண்ணுவதற்கு அவர் சொன்ன உபாயம் புளியங்கொட்டை. சட்டையின் இடது பையில் நூறு கொட்டை. ஒரு சைக்கிள் போனால் ஒரு கொட்டை வலது பைக்குப் போகவேண்டும். இடது பை காலியானால் நோட்டில் ஒரு கோடு. கண்ணை ரோட்டிலிருந்து எடுக்கவேண்டிய அவசியமே இல்லை. கிழக்கேகோட்டையிலும் தம்பானூரிலும் பாளையத்திலும் இப்படி ஒரு வாரம் நின்றோம். மழையில் கொட்டை ஊறி என் இரண்டு வெள்ளைச் சட்டையிலும் பழுப்புக் கறை விழுந்தது, அது கடைசிவரை போகவில்லை.

அந்த எண்ணிக்கையை வைத்துச் சில காரியங்கள் நடந்தன. ஓர் அரசாங்க அலுவலக மதிலோரம் ஓலைக்கூரை போட்டு, சக்கரத்தைச் சொருகி நிறுத்த மரச்சட்டம் அடித்தோம். அதுவரை ஒரு சைக்கிள் சாய்ந்தால் வரிசையாக நாற்பதும் சாயும். மேட்டுத் தெருவையும் கீழ்த்தெருவையும் இணைக்கிற கல்படி ஒன்றில் குமாஸ்தாக்கள் சைக்கிளைத் தோளில் தூக்கி ஏறிக்கொண்டிருந்தார்கள். படியின் ஓரமாக ஓரடி அகலத்துக்கு வழவழவென்று சரிவு பூசிக்கொடுத்தோம். அதைப் பார்க்க வந்த ஒரு மெம்பர் கேட்டார்:

"இந்தப் படி மனுஷனுக்கா, சைக்கிளுக்கா?"

சுப்பராமய்யர் குடையை ஊன்றிக்கொண்டு சொன்னார்: "சைக்கிள் தானா ஏறாது. ஒரு மனுஷன் தள்ளணுமாக்கும்."

இந்தச் சமயத்தில்தான் ஞானம்மா சைக்கிள் கேட்டார்.

ஞானம்மா நகரசபை மிட்வைஃப். மார்த்தாண்டம் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். முப்பத்தைந்து வயது இருக்கும். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. மணக்காடு, கமலேஸ்வரம், சாலைக் கம்போளத்துக்குப் பின்னால் உள்ள சந்துகள் எல்லாம் அவர் பொறுப்பு. ஆஸ்பத்திரிக்குப் போகப் பயப்படுகிற பெண்கள் வீட்டிலேயே பெற்றுக்கொண்ட காலம். ஆள் வந்து கூப்பிட்டால் இவர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். ஓடித்தான் போனார். ஒரு பிரசவத்துக்குப் பத்து நிமிஷம் பிந்திப் போய், அந்தத் தாயைக் காப்பாற்ற முடியாமல் போனபிறகு, சபைக்கு ஒரு மனு எழுதினார். 'எனக்கு ஒரு சைக்கிள் தந்தால் போதும்.' ஒரே வரி. கீழே கையெழுத்து.

சபையில் சிரித்தார்கள். பெண்பிள்ளை, அதுவும் சேலை கட்டிக்கொண்டு, சாலைக் கம்போளத்துக்கு நடுவில் சைக்கிள் ஓட்டுவதா என்றார்கள். சுகாதார அதிகாரி பிடிவாதமாக நின்றதால் கடைசியில் நடுக்கம்பி இல்லாத ஒரு பெண்கள் சைக்கிள் வாங்கிக் கொடுத்தார்கள். அலுவலக முற்றத்தில் பியூன் அவருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தான். ஒரு மாதத்தில் அவர் ஊரெல்லாம் சுற்றினார். சேலையைக் கணுக்காலுக்கு மேல் இழுத்து இடுப்பில் இறுக்கிச் சொருகி, பின்னால் தோல்பையைக் கட்டி, நிமிர்ந்து உட்கார்ந்து போவார். முதலில் பையன்கள் பின்னால் ஓடினார்கள். அப்புறம் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு ஊர் ஒன்றை ஏற்றுக்கொண்டுவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

இனி நான் எழுதப்போவது எனக்குப் பெருமை தருகிற விஷயமில்லை.

அட்டக்குளங்கரையிலிருந்து மணக்காடு போகிற ரோட்டில் மழைநீர் இறங்க, ஓரமாகக் குழி வெட்டி ஓடையோடு இணைத்து, மேலே இரும்புக் கிராதி போடுகிற வேலை என்னிடம் வந்தது. கிராதி என்றால் கம்பிகளை வரிசையாக வைத்து வார்த்த மூடி. தண்ணீர் கம்பிகளுக்கு நடுவே இறங்கும், வண்டி மேலே போகும். மொத்தம் பதினெட்டு இடம். வரைபடத்தில் கம்பிகள் ரோட்டுக்குக் குறுக்காக இருந்தன. வார்ப்புப் பட்டறையிலிருந்து வந்தவற்றில் கம்பிகள் ரோட்டோடு நெடுக்காக இருந்தன. நீண்ட சதுரம், திருப்பிப் போட்டால் குழியில் உட்காராது. கம்பிக்கும் கம்பிக்கும் இடைவெளி இரண்டு விரல் கனம்.

திருப்பி அனுப்பினால் மறுபடி வார்த்துவர மூன்று வாரம் ஆகும். வைகாசியில் தொடங்குகிற இடவப்பாதி மழை வாசலில் நின்றது. பதினெட்டுக் குழியும் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. மேஸ்திரி கேட்டான்:

"சாரே, இதை இப்படியே வச்சிரலாமா? வெள்ளம் எறங்கினாப் போதும்லா?"

"வையி" என்றேன்.

பதினெட்டும் உட்கார்ந்தன. முதல் மழைக்குத் தண்ணீர் அழகாக இறங்கியது. வேலை முடிந்ததற்கான சான்றிதழில், 'வரைபடப்படி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேலே சுப்பராமய்யரும் போட்டார். என் சைக்கிளின் டயர் கொஞ்சம் அகலமானது. நான் அந்த ரோட்டில் போகும்போது ஓரத்தை விட்டு நடுவிலேயே போவேன். ஏன் அப்படிப் போகிறேன் என்று என்னையே நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆடி மாதம் ஒரு முற்பகல். மழை அப்போதுதான் விட்டிருந்தது. அட்டக்குளங்கரை முனையில் நாடா பிடித்து அளந்துகொண்டிருந்தேன். ஒருவர் ஓடிவந்தார்.

"ஓவர்சியர் சாரே, நம்ம மிட்வைஃபம்மா வீணுபோயி! கைக்கு எந்தோ பற்றி!"

விழுந்துவிட்டாராம், கையில் அடியாம். ஓடினேன். ஏழாவது கிராதி. ஞானம்மா ரோட்டோரம் சேற்றில் உட்கார்ந்திருந்தார். வலது மணிக்கட்டு இருக்கவேண்டிய விதத்தில் இல்லை. எதிரே ஒரு காளைவண்டி வந்ததால் ஓரம் ஒதுங்கியிருக்கிறார். சைக்கிளின் முன்சக்கரம் கம்பிகளுக்கு நடுவே இறங்கி, சைக்கிள் தலைகீழாக நின்றது. சுற்றிலும் கூட்டம்.

"சாரி செயின்ல குடுங்ஙியதாணு" என்று ஒருவர் சொன்னார். சேலை சங்கிலியில் சிக்கிவிட்டதாம். உடனே எல்லோரும் அதையே சொன்னார்கள். பெண்ணுக்கு சைக்கிள் கொடுத்தால் இப்படித்தான் என்றார் இன்னொருவர்.

நான் சைக்கிளைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. காலை ஊன்றி உலுக்கி இழுத்தபிறகு, கிரீச்சென்று சத்தத்தோடு சக்கரம் கம்பியிலிருந்து விடுபட்டது. நிமிர்ந்தபோது ஞானம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், ஒரு குதிரைவண்டி பிடிச்சு உடனே ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றேன்.

"ஆஸ்பத்திரி அங்கதான் இருக்கும், எங்கயும் ஓடிப்போவாது. மணக்காட்டுப் பள்ளிக்குப் பொறத்த ஒரு பொண்ணு வலியெடுத்துக் கெடக்கா. ரெண்டாம் பேறு. கொழந்தை குறுக்க கெடக்குன்னு நேத்தே பாத்தேன். அந்தப் பையை எடுத்துக்கிடும். நடயும்."

"இந்தக் கையோடயா?"

"எனக்க கை ஒண்ணு போச்சு. இன்னொண்ணு இருக்குல்லா. உம்ம தோள்துண்டைத் தாரும்."

துண்டால் கையைக் கழுத்தோடு தூக்கிக் கட்டினேன். நான் தோல்பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போக, அவர் முன்னால் நடந்தார். ஒரு பர்லாங் தூரம் இருக்கும். நடுவில் ஓரிடத்தில் நின்று ஒரு மதிலில் நெற்றியை வைத்துக்கொண்டார். ஏதோ ஜெபம் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை, வலியை விழுங்கிக்கொண்டிருந்தார். பிறகு மறுபடி நடந்தார்.

அது ஓலைவீடு. நான் வாசலில் நின்றேன். உள்ளே அவர் குரல் மட்டும் கேட்டது. பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தியிடம் மலையாளத்தில் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கையை இங்கே வை, இப்படி அமர்த்து, இப்போ நிறுத்து, இனி பைய, பைய. அந்தப் பெண்ணின் கைகளைத் தன் இரண்டாவது கையாக்கிக்கொண்டு வேலை செய்தார். அந்த வீட்டுக்காரர் படியில் உட்கார்ந்து பீடியைப் பற்றவைப்பதும் அணைப்பதுமாக இருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எனக்கு வயது இருபத்துநான்கு. உள்ளே ஒரு பெண் கத்தும்போதெல்லாம் ஏழாவது கிராதிதான் கண்முன் வந்தது.

குழந்தை அழுத சத்தம் கேட்டபோது அந்த மனிதர் எழுந்து என்னைக் கட்டிக்கொண்டார். யார் என்றுகூட அவருக்குத் தெரியாது. தாயும் பிழைத்தாள். ஞானம்மா வெளியே வந்து, "இனி ஆஸ்பத்திரிக்குப் போவோம் சாரே" என்று சொல்லி அப்படியே வாசற்படியில் சாய்ந்தார்.

மூன்று மணிநேரம் கழிந்துவிட்டிருந்தது. வீங்கிப்போன கையில் எலும்பைச் சரியாகச் சேர்க்க டாக்டரால் முடியவில்லை. அந்த மணிக்கட்டு பிறகு ஒருபோதும் முழுசாக மடங்கவில்லை.

இரண்டு நாளில் விஷயம் சபைக்குப் போயிற்று. சைக்கிளைத் திரும்ப வாங்கிக்கொள்ளவேண்டும், இனி பெண் ஊழியர் யாருக்கும் கொடுக்கக்கூடாது என்று ஒரு தீர்மானம் தயாரானது. விபத்துக்குக் காரணம் என்ன என்று ரோடு செக்‌ஷனிடம் அறிக்கை கேட்டார்கள். அது என் ரோடு; அறிக்கையும் என்னுடையது.

பென்சிலில் எழுதினேன். 'ஓட்டியவரின் சேலை சங்கிலியில் சிக்கியதால் நிலைதடுமாறி விழுந்ததாகத் தெரிகிறது.' கொண்டுபோய் வைத்தேன். சுப்பராமய்யர் படித்தார். கண்ணாடி நெற்றிக்குப் போயிற்று.

"கண்டதா, கேட்டதா?"

"கேட்டது சார்."

"கண்டது என்ன?"

அவர் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "வா. பியூனோட சைக்கிளையும் தள்ளிண்டு வா."

ஏழாவது கிராதிக்கு வந்ததும் குனிந்து, குடை நுனியைக் கம்பிகளுக்கு நடுவே விட்டார். பிடிவரைக்கும் இறங்கியது. "சைக்கிளை ஓரமாத் தள்ளிண்டு போ" என்றார். தள்ளினேன். சக்கரம் டக்கென்று உள்ளே இறங்கி நின்றது. கைப்பிடி என் வயிற்றில் இடித்தது.

அவர் பக்கத்திலிருந்த சின்னப் பாலத்தின் கைச்சுவரில் உட்கார்ந்தார். அதற்குமுன் அவர் ரோட்டில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"சர்ட்டிபிகேட்ல என்ன எழுதினே?"

"வரைபடப்படின்னு சார்."

"நானும் ஒப்பு வெச்சேன். வந்து பாக்கலை. மழைன்னு இருந்துட்டேன்." குடையின் நுனியிலிருந்த சேற்றைக் கல்லில் தேய்த்தார். "நான் நடக்கறவன் நாகலிங்கம். பாத்திருந்தாலும் எனக்கு இது தோணியிருக்குமான்னு தெரியலை. ஆனா நீ தினம் சைக்கிள்ல போறவன்."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"உன் பென்சிலை நான் அழிக்கமாட்டேன்" என்று எழுந்தார். "நாளைக்குப் பத்து மணிக்கு மசிலே எழுதிண்டு வா. நீ எதை எழுதறயோ, அதுக்குக் கீழே நானும் ஒப்பு வெக்கறேன்."

எழுதினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இன்னும் நிரந்தரமாகாத வேலை. பொய்ச் சான்றிதழ் என்றால் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். ஊரில் என் தகப்பனார், மகன் தலைநகரத்தில் எஞ்சினியர் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஓவர்சியர் என்று நான் எத்தனை தடவை திருத்தினாலும் கேட்கமாட்டார். எழுதாவிட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஞானம்மாவின் சைக்கிள் மட்டும் போகும்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் சுற்றிவளைத்து ஆரம்பித்தேன்.

"சிஸ்டர், அந்தக் கிராதி இருக்குல்லா, அது வந்து... நான்தான்..."

"தெரியும் சாரே" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"வீலை இழுத்து எடுத்தப்போ உம்ம மொகத்தைப் பாத்தேன். விழுந்தவளுக்க மொகத்தைவிட அது கெட்டுக் கெடந்து."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவருக்கு அது பிடிக்கவில்லை.

"எதுக்கு இப்போ கரையுதீரு? எனக்க கை ஒடிஞ்சது ஒடிஞ்சாச்சு. நீரு கரைஞ்சா அது ஒட்டுமா? சைக்கிளைப் பறிச்சுக்கிடப்போறாவளாம், நேத்து ஒரு ஆள் வந்து சொல்லிச்சு. சேலைன்னு சொல்லுதாவ. எனக்க சேலை எப்பிடி இருக்கும்னு நீரு பாத்திருக்கீரு. அதை மட்டும் எழுதும். மத்தது உமக்க இஷ்டம்."

மத்ததையும் எழுதினேன். வரைபடத்தில் எப்படி இருந்தது, வந்தது எப்படி இருந்தது, நான் ஏன் அப்படியே வைத்தேன், சான்றிதழில் என்ன எழுதினேன், எல்லாம் மசியில். சேலை இடுப்பில் சொருகப்பட்டிருந்தது, சங்கிலியில் நூல்கூட இல்லை என்றும் எழுதினேன். பத்து மணிக்குக் கொண்டுபோய் வைத்தபோது கண்ணாடி நெற்றிக்கு ஏறவில்லை. கேள்வியும் வரவில்லை. படித்து முடித்து, 'நேரில் பார்க்காமல் கையொப்பமிட்டது என் தவறு' என்று தன் கையால் ஒரு வரி சேர்த்து, கீழே கையெழுத்துப் போட்டார். ஓய்வுபெற இரண்டே வருஷம் இருந்தது அவருக்கு.

வேலை போகவில்லை. எனக்கு நிரந்தரமாவது இன்னும் ஒரு வருஷம் தள்ளிப்போயிற்று. அவருக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. பதிலில் இரண்டே வரி எழுதினார் என்று ஹெட் கிளார்க் சொன்னார். சைக்கிளைப் பறிக்கிற தீர்மானம் இழுபறிக்குப்பின் கைவிடப்பட்டது.

பதினெட்டுக் கிராதியையும் கழற்றினோம். ஒவ்வொன்றின் மேலும் குறுக்காகப் பட்டை இரும்பு வைத்து, கொல்லன் ரிவெட் அடித்தான். திரும்பப் பதித்தபிறகு சுப்பராமய்யர் ரோட்டில் நின்றுகொண்டு, "ஏறு" என்றார். நான் என் சைக்கிளில் ஒவ்வொரு கிராதிமேலும் ஓட்டிக்காட்ட வேண்டும். போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை. அவர் பின்னாலேயே நடந்து வந்தார். கடைத்திண்டுகளிலிருந்து ஜனங்கள் வேடிக்கை பார்த்தார்கள். அன்றுமுதல் வேலை முடிந்த சான்றிதழில் எங்கள் செக்‌ஷனில் ஒரு வரி கூடுதலாக வந்தது: 'சைக்கிளில் ஏறிப் பார்த்தது.' அதற்குக் கீழே ஓவர்சியர் கையெழுத்து இல்லாமல் எந்த ரோட்டு வேலையும் பாஸாகாது. அவர் ஓய்வுபெற்றுப் போனபின்னும் பல வருஷம் அந்த வரி இருந்தது. ரேஷ்மா பச்சைப் பெயிண்ட் அடிப்பதில் எனக்குச் சந்தோஷம்தான். அந்த வரியையும் திரும்ப அச்சடிக்கச் சொல்வேன்.

ஞானம்மா மூன்று மாதத்தில் வேலைக்கு வந்தார். வலது கையால் பிரேக் பிடிக்க முடியவில்லை. சாலைக் கம்போளத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த ஒரு ராவுத்தர், இரண்டு பிரேக்கும் இடது கையிலேயே விழும்படி கம்பியை வளைத்துக்கொடுத்தார். அதை வைத்துக்கொண்டு இன்னும் சில வருஷம் ஊரைச் சுற்றினார். ரோட்டில் என்னைப் பார்த்தால் மணி அடிப்பார். நானும் அடிப்பேன். அந்த விஷயத்தைப் பற்றி நாங்கள் அப்புறம் ஒருநாளும் பேசவில்லை.

ஐம்பத்தாறில் மாநிலங்கள் பிரிந்தன. எங்கள் நாஞ்சில் நாடும் ஞானம்மாவின் மார்த்தாண்டமும் சென்னை மாநிலத்தோடு போயின. திருவனந்தபுரம் கேரளத்துக்குத் தலைநகரமாயிற்று. தெற்கத்தி ஊழியர்கள் பலருக்கும் போவதா இருப்பதா என்று ஒரே குழப்பம். டீக்கடையில், கோயில் வாசலில், எங்கும் அதே பேச்சு. நான் இருந்துவிட்டேன். ஞானம்மா சொந்த ஊர்ப் பக்கம் வேலை கிடைத்துப் போனார்.

நகரசபை சைக்கிளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சொந்தமாக ஒன்று வாங்கி, ராவுத்தரிடமே பிரேக்கை மாற்றிக்கொண்டார். பெட்டியை பஸ்ஸில் போட்டுவிட்டு, சைக்கிளிலேயே ஊருக்குப் போகிறேன் என்று சொன்னபோது எல்லோரும் தடுத்தார்கள். இருபது மைலுக்குமேல் மேடும் பள்ளமும். "ஆறு வருஷமா உங்க ஊர் மேட்டுல ஏறியாச்சு, எனக்க ஊர் மேட்டுல ஏறப்பிடாதா?" என்று கேட்டார்.

கரமனைப் பாலம்வரை வழியனுப்பப் போனேன். காலை ஏழு மணி இருக்கும். ஆறு நிறைய ஓடியது. பாலத்தின் நடுவில் காலை ஊன்றி நின்றார்.

"இனி நீரு திரும்பிப் போம் சாரே. ஆபீசுக்கு நேரமாவும்."

"சரி சிஸ்டர்."

"பாலத்துக்கு அங்க ரோடு எப்பிடிக் கெடக்கு?"

வாயைத் திறந்தேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் எங்கள் செக்‌ஷன் இல்லை. நன்றாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறேனே தவிர, ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை.

"தெரியாது சிஸ்டர்" என்றேன். "கொஞ்சம் நில்லுங்க. நான் முன்னால போறேன்."

அவர் வேண்டாம் என்று சொல்லுமுன் ஏறி மிதித்துவிட்டேன். நேமம், பாலராமபுரம் என்று நான் முன்னால், அவர் பத்தடி பின்னால். பள்ளமோ பெயர்ந்த கல்லோ கண்ணில் பட்டால் இடதுகையைத் தூக்குவேன். பின்னால் ஒருமுறை மணி கேட்கும். பார்த்துவிட்டார் என்று அர்த்தம். மேட்டில் இறங்கித் தள்ளும்போது பேசிக்கொண்டோம். யார் யார் வீட்டில் என்ன குழந்தை, மணக்காட்டில் அன்று குறுக்கே கிடந்த குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது, ராவுத்தருக்கு மூன்றாவதும் பெண். நெய்யாற்றின்கரையில் ஒரு கடையில் டீ குடித்தோம். அங்கிருந்து மற்றவர்களின் சைக்கிள்களோடு கலந்து அவர் தெற்கே போனார். மடங்காத மணிக்கட்டை ஹேண்டில்மேல் வைத்துக்கொண்டு, நிமிர்ந்த முதுகோடு, வளைவு திரும்பும்வரை தெரிந்தார்.

நான் அலுவலகம் போய்ச் சேர்ந்தபோது மதியமாகிவிட்டது. அரைநாள் லீவுக்கு எழுதிக்கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில், 'சாலைப் பரிசோதனை' என்று எழுதினேன். பிறகு அதை அடித்துவிட்டு, 'சொந்த வேலை' என்று எழுதினேன்.